கல்லீரல் சுருங்கியவரின் தசையையும் நடையையும் காப்பது: பர்மியத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரல் நோய் முற்றிக் கல்லீரல் சுருங்கியவரை (சிரோசிஸ்) பார்க்க வருகிற உறவினர்களின் கண் முதலில் வயிற்றின் மேல்தான் விழும். நீர் கோத்த வயிறு, மஞ்சள் படர்ந்த கண், வீங்கிய பாதம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். லுங்கிக்குள் மறைந்திருக்கும் தொடையை யாரும் பார்ப்பதில்லை. நம் முன்னோர் மகோதரம் என்று பெயரிட்ட அந்த நிலையில், வயிறு பானையாகிக்கொண்டிருக்கும்போதே கைகால்கள் குச்சியாகிக்கொண்டிருக்கின்றன. நோயாளி படுக்கையை விட்டு எழ முடியாமல் போவதற்கு வயிற்று நீரைவிடத் தசை கரைவதே பல நேரங்களில் பெரிய காரணம்.

மியான்மரில் 2015இல் நடந்த தேசிய ஆய்வில் நூற்றுக்கு ஆறரைப் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும், ஏறத்தாழ மூன்று பேருக்கு ஹெபடைட்டிஸ் சி கிருமிக்கான எதிர்ப்பொருளும் இருப்பது தெரியவந்தது. யாங்கோன், மோல்மியான், பகோ என்று எந்த ஊரை எடுத்தாலும், நம்மவர் குடும்பங்களில் இந்த நோயோடு வாழும் ஒருவரையாவது அறியாதவர் குறைவு. கல்லீரல் சுருங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தசை இழப்பும் சேர்ந்தே வருகிறது. இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பத்தியம், விரதம், ‘அலட்டிக்கொள்ளாமல் படுத்திருங்கள்’ என்கிற பரிவு ஆகிய மூன்றும் அன்பினால் செய்யப்படுபவை. இந்த நோயில் மூன்றுமே தசையைக் கரைப்பவை.

தசை ஏன் கரைகிறது

நலமாக உள்ளவரின் கல்லீரல், பகலில் உண்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, இரவில் சிறிது சிறிதாக இரத்தத்திற்கு விடுகிறது. சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்புக்கு இடம் போதாது. எனவே இரவு 8 மணிக்கு உண்டுவிட்டுக் காலை 8 மணிக்கு அடுத்த வாய் சோறு உண்பவரின் உடல், அந்த ஒரே இரவில், நலமான மனிதர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்கு ஒப்பான நிலையை அடைகிறது. சர்க்கரை தீர்ந்த உடல் தன் தசையை உடைத்து, அதிலுள்ள அமினோ அமிலங்களிலிருந்து சர்க்கரை செய்துகொள்கிறது. இது ஒவ்வோர் இரவும் நடக்கிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் சொல்லப்போகிற இரவுச் சிற்றுண்டியை யாரும் அற்பமாக எண்ணமாட்டார்கள்.

இரண்டாவது காரணம் அம்மோனியா. குடலில் உண்டாகும் இந்தக் கழிவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற வேண்டும். கல்லீரலால் இயலாதபோது அந்த வேலையின் ஒரு பகுதியைத் தசை தன் தலையில் சுமந்துகொள்கிறது. அதற்காகத் தன்னிடமுள்ள கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் என்னும் ஒருவகைப் புரதக் கூறுகளைச் செலவிடுகிறது. மேலும் அம்மோனியா மிகுந்தால், தசை வளர்ச்சியைத் தடுக்கும் மயோஸ்டாட்டின் என்னும் புரதமும் கூடுகிறது. இப்படித் தசை தேயத் தேய அம்மோனியாவைப் பிடிக்க ஆளில்லாமல் போய், அது மூளையைத் தாக்கி, மறதியும் குழப்பமும் வருகின்றன. குழம்பியவர் உண்பதும் நடப்பதும் மேலும் குறைகின்றன.

இவற்றோடு வயிற்று நீர் இரைப்பையை நெருக்குவதால் நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுவது, நாக்கு ருசி கெடுவது, உப்பில்லாச் சாப்பாட்டின் மேல் வெறுப்பு, ஆண்களுக்கு ஆண் இயக்குநீர் குறைவது, சோதனைகளுக்காக அடிக்கடி வெறும் வயிற்றோடு காத்திருப்பது ஆகியவையும் சேர்கின்றன.

முதற்படி: இருப்பதை அளந்து எழுதுங்கள்

எடை இயந்திரம் இந்த நோயில் பொய் சொல்லும். தசை 4 கிலோ குறைந்து நீர் 5 கிலோ கூடினால், ‘ஆள் தேறிவிட்டார்’ என்றே அது காட்டும். ஆகவே நீரைக் கழித்த எடையை மதிப்பிட வேண்டும். வயிற்று நீர் சிறிதளவு இருந்தால் மொத்த எடையில் நூற்றுக்கு 5 பங்கும், நடுத்தரமாக இருந்தால் 10 பங்கும், மிகுதியாக இருந்தால் 15 பங்கும், கால் வீக்கமும் இருந்தால் மேலும் 5 பங்கும் கழிப்பது வழக்கம். அதன்படி 60 கிலோ காட்டும் ஒருவருக்கு நடுத்தர நீரும் கால் வீக்கமும் இருந்தால், அவருடைய உண்மையான எடை 51 கிலோ. கீழே உணவுக்குச் சொல்லும் கணக்கெல்லாம் இந்த எடைக்கே.

அடுத்தது, நாற்காலி. சாதாரண உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவின்படி உடல் செயல்திறன் குறைவு. கையூன்றாமல் ஒரு முறைகூட எழ முடியாவிட்டால், அதுவே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி. பிறகு வழக்கமான நடையில் 6 மீட்டர் நடக்கச் சொல்லுங்கள். 6 வினாடிக்குள் முடிய வேண்டும். மூன்றாவதாக, பாதங்களைச் சேர்த்து வைத்தும், ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே வைத்தும், ஒன்றன்முன் ஒன்றாக நேர்க்கோட்டில் வைத்தும் பத்துப் பத்து வினாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். சோதனை முழுவதும் கை எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம்.

கைப்பிடி வலிமையை அளக்கும் சிறு கருவி சில மருத்துவமனைகளில் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் வலிமை குறைவு. ஏற்கனவே சிடி ஸ்கேன் எடுத்திருந்தால், இடுப்பு முதுகெலும்பின் மூன்றாம் எலும்பு மட்டத்தில் தெரியும் தசைப் பரப்பை அளந்து சொல்ல முடியுமா என்று கேளுங்கள். இதற்கென்று புதிதாக ஸ்கேன் எடுத்துப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இந்த அளவுகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை திரும்ப அளக்கவும்.

இரண்டாம் படி: பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

உணவுக்குழாயில் புடைத்த இரத்த நாளங்கள் உள்ளனவா, எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தாயிற்றா, அந்த நாளங்களுக்குக் கட்டு போடவோ, அவற்றின் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரை தரவோ தேவையா என்பது முதற்கேள்வி. தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா, எலும்பு தேய்ந்திருக்கிறதா, இரத்தத்தில் சோடியமும் தட்டணுக்களும் எவ்வளவு என்பவை அடுத்தவை. அண்மையில் இரத்த வாந்தி, காய்ச்சல், வயிற்று நீரில் தொற்று, புதிய மனக்குழப்பம் இருந்தவர், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும். உணவு பற்றிய படியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாம் படி: உணவு

நீர் கழித்த எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 35 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்பது ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,750 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். உடல் பருமன் உள்ளவருக்குக் கலோரியை மருத்துவர் குறைத்துச் சொல்வார். புரதத்தை அப்போதும் குறைக்கமாட்டார்.

‘ஈரல் கெட்டவருக்கு முட்டையும் மீனும் ஆகாது, மூளைக்கு ஏறிவிடும்’ என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். 2004இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், மனக்குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்குப் புரதத்தைக் குறைத்ததால் எந்த நன்மையும் இல்லை என்பதோடு, உடற்புரதம் கூடுதலாகச் சிதைந்ததும் தெரியவந்தது. பால், பருப்பு, பட்டாணி, தோஃபு ஆகியவற்றின் புரதத்தைக் குழப்பம் அடிக்கடி வருகிறவர்களின் உடல் நன்றாகவே ஏற்கிறது. எனவே மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவற்றைக் கூட்டலாமே தவிர, மொத்தப் புரதத்தை வெட்டக்கூடாது. கஞ்சியும் மோருமாக மாதக்கணக்கில் பத்தியம் காக்கும் வீட்டில், காமாலை குறைகிறதோ இல்லையோ, தொடை குறைவது உறுதி.

இங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டே 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளை அமைத்துப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் ஒரு வேகவைத்த முட்டை, நான் ரொட்டி, தெருவில் கூவி விற்கும் முளைவிட்ட வேகவைத்த பட்டாணி ஒரு கிண்ணம். பட்டாணியை உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் தரச்சொல்லி வாங்க வேண்டும். 10 மணிக்கு ஒரு தம்ளர் பால். நண்பகலில் சோறு, பருப்பு, முள் நீக்கிய மீன் 75 கிராம். சந்தையில் வீசைக் கணக்கில் வாங்குகிறவர்கள், ஒரு வீசை 1.63 கிலோ என்பதால் அதில் நூற்றில் 5 பங்கு ஏறத்தாழ 80 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை. இரவு 7 மணிக்குச் சோற்றோடு 100 கிராம் தோஃபு. படுக்கப்போகும் முன் பால் விட்ட சாதக்கஞ்சி. சோற்றிலும் ரொட்டியிலும் உள்ளதையும் சேர்த்தால் புரதம் ஏறத்தாழ 70 கிராம் வந்துவிடும். ஒரே வேளையில் நிறையப் பரிமாறினால் அவரால் உண்ண முடியாது. ஆறு சிறு வேளைகளாகப் பிரிப்பதே வழி. விழித்திருக்கும் நேரத்தில் 3 அல்லது 4 மணி நேரத்திற்கு மேல் வயிறு காலியாக இருக்கக்கூடாது.

அந்தக் கடைசிக் கஞ்சியை மருந்துச் சீட்டில் எழுதியதுபோல் நடத்துங்கள். ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்து, அதாவது 200 கிராம் அளவுக்குச் சோறு, அதோடு கொஞ்சம் பால் அல்லது பருப்பு, படுக்கும் முன். நியூசிலாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரே அளவு கூடுதல் சத்தைப் பகலில் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைக்காத பலன், இரவில் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது. ஓராண்டில் அவர்கள் உடலில் கொழுப்பல்லாத திசு ஏறத்தாழ 2 கிலோ கூடியிருந்தது. சர்க்கரை நோயும் உள்ளவர் எந்த மாவுச்சத்து, எவ்வளவு என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். இரவில் வெறும் வயிற்றோடு படுப்பது அவருக்கும் தீர்வாகாது.

விரதம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கந்த சஷ்டி, புரட்டாசிச் சனி, காவடிக்கும் தீமிதிக்கும் முன் இருக்கும் நோன்பு, நம் முஸ்லிம் சகோதரர்களின் ரமலான் நோன்பு ஆகியவை எல்லாம் ஈரல் சுருங்கி நீர் கோத்தவரின் உடலுக்கு, மேலே சொன்ன இரவுப் பட்டினியைப் பகலுக்கும் நீட்டுபவை. நோயாளி தம் வாயால் ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார். குருக்களோ இமாமோ ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தயக்கம் தீரும். குடும்பத்தில் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பேசிவைப்பது நல்லது.

உப்பு. வயிற்றில் நீர் உள்ளவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் உப்பு என்பது பொதுவான வரம்பு. நம் ஊரில் இந்த வரம்பை உடைப்பது உப்புச்சாடி அன்று. ஙப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன், இறால் விழுது), கருவாடு, மீன் சாறு, அஜினமோட்டோ, கோழித்தூள், பொட்டல நூடுல்ஸ் ஆகியவையே. மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் ஒரு கிண்ணத்தோடு அன்றைய கணக்கில் பெரும்பகுதி போய்விடலாம். புளிச்சகீரை, எலுமிச்சை, புளி, இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி ஆகியவற்றைக் கூட்டினால் நாக்கு ஓரளவு சமாதானமாகும். ஆனால் உப்பைக் குறைத்ததால் அவர் தட்டை ஒதுக்கத் தொடங்கிவிட்டார் என்றால், உப்பைச் சற்றே தளர்த்தியாவது உண்ண வைப்பது மேல் என்பது என் கருத்து. எவ்வளவு தளர்த்தலாம் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பொட்டாசியம் கலந்த ‘குறைசோடிய உப்பு’ வேண்டாம். ஸ்பைரனோலாக்டோன் என்னும் நீரிறக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். வேகாத மீன், சிப்பி, நத்தை அறவே கூடாது. மதுவுக்கு ‘கொஞ்சம்’ என்ற அளவே கிடையாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரதப் பொடிகளையும், ஈரலைக் கழுவித் துடைக்கும் என்று விற்கப்படும் வேர், இலைச் சூரணங்களையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பொடி சிலருக்குப் பயன்படுகிறது, விலை அதிகம். அந்தப் பணத்தில் முட்டையும் பாலும் மீனும் நிறைய வரும்.

நான்காம் படி: உடலை அசைத்தல்

உணவு மட்டும் கொடுத்தால் போதாது. வேலை கொடுக்காத தசை, கொடுத்த புரதத்தை வாங்கிக்கொள்ளாது. எட்டு முதல் பதினான்கு வாரம் நீடித்த சிறு ஆய்வுகளில், மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களுக்குத் தொடைத் தசையும் நடையும் மேம்பட்டன. பயிற்சியை எப்போதும் ஏதாவது உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நாற்காலியில் எழுந்து உட்காருவது மட்டும் போதும். காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை. முடியாவிட்டால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்தி, கையூன்றி எழலாம். என் மாமனார் ‘இது குழந்தை விளையாட்டா?’ என்று முதல் நாள் சிரித்தார். நான்காவது முறை எழும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் வாரம் முதல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து முழங்கையை மடக்குவது ஆகியவற்றைப் பத்துப் பத்து முறையாக, வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்க்கலாம். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் ஈரலுக்குச் செல்லும் நாளங்களில் அழுத்தம் ஏறும். புடைத்த நாளமும் தொப்புள் குடலிறக்கமும் உள்ளவருக்கு அது கேடு. அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்குவதும் இதே காரணத்தால் கூடாது.

நடையை வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டிச்செல்லுங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி என்பது இலக்கு. சில மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை. புரோப்ரனலால் வகை மாத்திரை நாடித்துடிப்பை அடக்கிவைப்பதால், துடிப்பை எண்ணி வேகத்தைத் தீர்மானிக்க முடியாது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். தஞ்ஞான் என்னும் பர்மியப் புத்தாண்டுச் சமயத்து வெயிலில் விடியற்காலையிலும், மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் நடப்பது நல்லது.

ஐந்தாம் படி: தசைப்பிடிப்பு

நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது இந்த நோயில் மிகச் சாதாரணம். அதற்கு அஞ்சியே பலர் நடப்பதை விட்டுவிடுகிறார்கள். நீரிறக்கும் மாத்திரையின் அளவு, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை மருத்துவர் ஒருமுறை பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஓர் ஆய்வில், பிடிப்பு வரும்போது வெள்ளரி ஊறவைத்த புளிப்புத் தண்ணீரை ஒரு மிடறு குடித்தவர்களுக்கு வலியின் கடுமை குறைந்தது. அது அவர்கள் ஊர் ஊறுகாய். நம் மிளகாய், எண்ணெய் ஊறுகாய் அன்று. ஒரு மிடறு என்பதற்கு மேல் போனால் உப்புக் கணக்கு கெடும். வலிக்காக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்படும், இரத்தக் கசிவும் வரும். பாராசிட்டமால் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல், மருத்துவர் சொன்னபடி மட்டும்.

ஆறாம் படி: விழாமல் காப்பது

தசையும் எலும்பும் தேய்ந்து, இரத்தம் உறைவதும் குறைந்திருப்பவர் விழுந்தால், பிறர் தட்டிவிட்டு எழும் இடத்தில் அவர் மாதக்கணக்கில் படுத்துவிடுவார். யாங்கோன் நகரின் நடுவில் உள்ள பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி இல்லாத செங்குத்தான குறுகிய படிகளே இருக்கின்றன. நான்காவது மாடியில் குடியிருப்பவர், அந்தப் படிக்குப் பயந்தே மாதக்கணக்கில் வெளியே இறங்காமல் இருந்துவிடுவதும் உண்டு. ஏறும்போது ஒருவர் பின்னாலும், இறங்கும்போது ஒருவர் முன்னாலும் வரவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார ஒரு முக்காலி போட்டுவைத்தால் பாதி அச்சம் நீங்கும்.

மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், படுக்கையிலிருந்து கழிப்பறைவரை பேட்டரி விளக்கு வைத்திருப்பது ஆடம்பரம் அன்று. மலத்தை இளக்கி அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்தைக் குடிப்பவர் அவசரமாக ஓட வேண்டிவரும் என்பதால், இரவில் படுக்கை அருகே மலச்சட்டி வைப்பது இன்னும் நல்லது. குந்தி அமரும் கழிப்பறையில் சுவரோடு உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். லுங்கியின் ஓரம் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். விரலிடுக்கில் மாட்டும் வழுவழுத்த செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ளதைக் கொடுங்கள். நீரிறக்கும் மாத்திரை எடுப்பவர் படுக்கையிலிருந்து எழுமுன், கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார வேண்டும்.

தூக்கமில்லை என்று கேட்டாலும் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். மனக்குழப்பத்துக்கும் வீழ்ச்சிக்கும் அதுவே குறுக்குவழி. லாக்டுலோஸை நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகிற அளவுக்குச் சரிசெய்து கொடுப்பதே போதுமானது. ஆறேழு முறை போனால் நீரும் உப்பும் வற்றி அவர் மேலும் தளர்ந்துவிடுவார்.

ஏழாம் படி: மருத்துவமனை நாள்கள்

வீட்டில் மூன்று மாதம் சேர்த்த தசையை ஒரு வாரப் படுக்கை தின்றுவிடும். ‘நாளைக் காலை ஸ்கேன், எதுவும் உண்ணக்கூடாது’ என்றால், எத்தனை மணிக்கு என்று கேட்டு, அன்றைய முதல் ஆளாக அழைக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். முந்தைய இரவுக் கஞ்சியை, அனுமதித்த கடைசி நேரத்தில் கொடுங்கள். சோதனை தள்ளிப்போனால் உடனே உண்ணலாமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வயிற்று நீரை ஊசி வழி வடிக்கும்போது புரதமும் சேர்ந்து போகிறது. 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் ஆல்புமின் ஏற்றுவது வழக்கம். நீர் குறைந்த அடுத்த சில நாள்களில் இரைப்பைக்கு இடம் கிடைப்பதால், நன்றாக ஊட்டுவதற்கு அதுவே உகந்த நேரம். மருத்துவர் தடுக்காதவரை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வராந்தாவுக்கும் நாளைக்குச் சில முறை நடத்திச் செல்லுங்கள்.

மூல காரணத்துக்கான சிகிச்சை இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஹெபடைட்டிஸ் சி தொற்றைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையால் குணமாக்கலாம். பி தொற்றை டெனோஃபோவிர் போன்ற மாத்திரையை விடாமல் எடுத்து அடக்கிவைக்கலாம். கல்லீரல் மாற்று அறுவைக்காகச் சென்னைக்கோ பாங்காக்குக்கோ போக எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே பார்க்கப்படுவதில் இரத்தச் சோதனைக்கு இணையாக, இவர் எழுந்து நடக்கிறாரா என்பதும் ஒன்று. காத்திருக்கும் மாதங்களே பயிற்சி மாதங்கள்.

நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

இரத்த வாந்தி, தார்போன்ற கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, பகலில் உறங்கி இரவில் உளறுவது, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, விழுந்து தலையில் அடிபடுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது மாத்திரைகளோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். போன மாதம் 14 வினாடியில் எழுந்து உட்கார்ந்தவர் இந்த மாதம் 22 வினாடி எடுக்கிறார் என்ற ஒரு வரி, ‘ரொம்ப சோர்வாக இருக்கிறார், டாக்டர்’ என்பதைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.